78 வயதில் தூரிகை பிடித்த பாட்டி

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஹூசிக் பால்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1938-ம் ஆண்டில் ஒரு நாள் அந்த ஊர் வழியாகப் போன ஒருவர், ஒரு மருந்துக் கடையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் பெயர் லூயிஸ் கால்டோர். நியூயார்க் நகரில் என்ஜினீயர் உத்தியோகம். ஊர் ஊராகப் போய் நல்ல ஓவியங்களைத் தேடி வாங்குவது அவருக்குப் பொழுதுபோக்கு.

மருந்துக் கடையின் கண்ணாடி ஜன்னலில் சில படங்கள் வைக்கப்பட்டிருந்தன. பச்சை மலை, வெள்ளைப் பனி, சிவப்பு வீடு, குதிரை வண்டி, ஓடி விளையாடும் பிள்ளைகள் என்று எல்லாம் கிராமத்துக் காட்சிகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைந்ததுபோல் எளிமையாக இருந்தன. ஆனால் பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

விலையை விசாரித்தார். சிறிய படம் மூன்று டாலர், பெரிய படம் ஐந்து டாலர் என்றார்கள். அத்தனையையும் வாங்கிவிட்டார். இவற்றை வரைந்தது யார் என்று கேட்டார். பக்கத்தில் ஈகிள் பிரிட்ஜ் கிராமத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு கிழவி என்று பதில் வந்தது.

கால்டோர் நேராக அந்தப் பண்ணைக்குப் போனார். கிழவி வீட்டில் இல்லை. மருமகள்தான் இருந்தாள். மறுநாள் வாருங்கள், பத்துப் படங்கள் வரை இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இரவு மாமியார் வீடு திரும்பினார். மருமகள் விஷயத்தைச் சொன்னாள். மாமியார் தேடிப் பார்த்தார். ஒன்பது படங்கள்தான் இருந்தன! மருமகள் வாக்குக் கொடுத்துவிட்டாளே, என்ன செய்வது? இராத்திரி முழுவதும் பாட்டிக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. காலையில் எழுந்தார். ஒரு பெரிய படத்தை எடுத்தார். அதை இரண்டாக வெட்டினார். இரண்டுக்கும் சட்டம் போட்டார். கணக்குச் சரியாகிவிட்டது. மருமகளின் சொல்லும் பொய்யாகவில்லை.

அந்தப் பாட்டிதான் பின்னாளில் உலகம் முழுவதும் "மோசஸ் பாட்டி" என்று கொண்டாடப்பட்டவர். அப்போது அவருக்கு வயது 78.

பழச் சாற்றில் வண்ணம்

மோசஸ் பாட்டியின் இயற்பெயர் அன்னா மேரி ராபர்ட்சன். 1860-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பிறந்தார். தகப்பனார் விவசாயி. கூடப் பிறந்தவர்களையும் சேர்த்து வீட்டில் மொத்தம் பத்துக் குழந்தைகள்.

வசதி குறைவுதான். ஆனாலும் தகப்பனாருக்குப் படம் என்றால் பிரியம். குழந்தைகளுக்கு வெள்ளைத் தாள் வாங்கிக் கொடுப்பார். ஒரு தாள் ஒரு பென்னி. மிட்டாய் வாங்கினால் வாயில் போட்டதும் கரைந்துவிடும், தாள் வாங்கினால் நாள் முழுவதும் பொழுது போகும் என்பது அவர் கணக்கு.

சிறுமி அன்னா படம் வரைவாள். வண்ணம் வேண்டுமே! திராட்சைச் சாற்றைப் பிழிந்து எடுத்துப் பூசுவாள். அவளுக்கு அது போதும்.

பன்னிரண்டு வயதில் அந்த விளையாட்டு முடிந்தது. வேறொரு குடும்பத்தில் வேலைக்காரப் பெண்ணாகச் சேர்ந்தாள். சமையல், துவைப்பு, தையல் என்று பதினைந்து ஆண்டுகள் பிறர் வீடுகளில் உழைத்தாள்.

1887-ம் ஆண்டு தாமஸ் மோசஸ் என்ற பண்ணைத் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டாள். புருஷனும் பெண்சாதியும் தெற்கே வர்ஜீனியா மாநிலத்துக்குப் போய்க் குத்தகைக்கு நிலம் பிடித்தார்கள். புருஷன் நிலத்தில் பாடுபட்டார். மனைவி வெண்ணெய் கடைந்து விற்றாள். உருளைக்கிழங்கை வறுத்தும் விற்றாள். பத்துக் குழந்தைகள் பிறந்தன. அவற்றில் ஐந்தைப் பச்சைக் குழந்தையிலேயே பறிகொடுத்தாள்.

1905-ம் ஆண்டு குடும்பம் மறுபடி சொந்தச் சீமைக்குத் திரும்பியது. ஈகிள் பிரிட்ஜில் ஒரு பண்ணை வாங்கினார்கள்.

இத்தனை பாட்டுக்கும் நடுவில் படம் வரைய நேரம் ஏது? ஆனால் அழகுணர்ச்சி எங்கும் போய்விடவில்லை. அது வீட்டு வேலையோடு வேலையாகக் கலந்து கிடந்தது.

1918-ல் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சாட்சி. வீட்டு முன்னறைச் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார் அம்மாள். குளிர் காலத்தில் நெருப்பு மூட்டும் கணப்பு அடுப்பை, மற்ற நாட்களில் ஒரு பலகையால் மூடி வைப்பார்கள். அந்தப் பலகைக்கு ஒட்டும்போது காகிதம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு சுருள் வாங்கி வரலாம். அல்லது வெறும் பலகையாகவே விட்டுவிடலாம். அம்மாள் இரண்டும் செய்யவில்லை. வண்ணத்தைக் குழைத்தார். பலகை மேல் ஒரு நிலக்காட்சியைத் தீட்டிவிட்டார். அவர் வரைந்த முதல் பெரிய படம் அதுதான். அடுப்பு மூடியில் வரைந்தது!

ஊசி பிடிக்காத விரல்கள்

1927-ல் கணவர் காலமானார். நாற்பது ஆண்டு வாழ்க்கை. பண்ணையை இளைய மகன் ஏற்று நடத்தினார்.

1932-ல் இன்னொரு சோதனை வந்தது. மணமான மகள் ஒருத்தி காச நோயில் படுத்தாள். தாய் மகள் வீட்டுக்குப் போய்ப் பணிவிடை செய்தார். மகள் ஒரு நாள், கம்பளி நூலில் தைத்த படம் ஒன்றைக் காட்டி, இதுபோல் எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்றாள். நோயாளி மகள் கேட்கிறாளே! அம்மாள் ஊசியும் கம்பளி நூலும் எடுத்தார். துணியின் மேல் மலையும் ஓடையும் வீடும் தைத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் வேண்டும் என்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தார்.

மகள் பிழைக்கவில்லை. தாயில்லாப் பேரக் குழந்தைகளைச் சில காலம் கூட இருந்து கவனித்துவிட்டு, பாட்டி தம் வீடு திரும்பினார்.

அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. விரல் மூட்டுகளில் வாதம் பிடித்தது. ஊசி பிடித்தால் வலி உயிர் போகும். உழைத்தே பழகிய கைகள்! சும்மா இருந்தால் வீடே இருட்டாகத் தெரியும் அல்லவா?

பாட்டியின் தங்கை ஒரு யோசனை சொன்னார். ஊசியைவிடத் தூரிகை பிடிப்பது சுலபமாக இருக்குமே என்றார். பாட்டிக்கும் அது சரியென்று பட்டது. வண்ணங்களை எடுத்து உட்கார்ந்தார். வலது கை வலித்தால் இடது கையால் வரைந்தார்.

வரைந்த படங்களை உள்ளூர்ப் பொருட்காட்சிக்கு அனுப்பினார். கூடவே தாம் செய்த பழ ஜாமையும் அனுப்பினார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது. படத்தை யாரும் சீண்டவில்லை! பிறகு சில படங்கள் மருந்துக் கடை ஜன்னலுக்குப் போயின. அங்கேதான் கால்டோர் கண்டார்.

வயதைக் கேட்டுத் திரும்பிய வியாபாரிகள்

உங்களைப் பிரபலப்படுத்தப் போகிறேன் என்று கால்டோர் சொன்னபோது குடும்பத்தார் நம்பவில்லை. ஆசாமிக்கு மூளை சரியில்லை என்றுதான் நினைத்தார்கள்.

நகரத்து ஓவிய வியாபாரிகளும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். படத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பார்கள். வரைந்தவருக்கு வயது என்ன என்று கேட்பார்கள். 78 என்றதும் முகம் மாறிவிடும். இந்த வயதுக்குமேல் இவர் எத்தனை படம் வரையப் போகிறார், இவருக்காகப் பணம் போட்டு விளம்பரம் செய்தால் போட்ட முதல் திரும்புமா என்பது அவர்கள் கவலை. வியாபாரக் கணக்கு என்று பார்த்தால் அதில் தப்பில்லை. ஆனால் கணக்கு தவறிவிட்டது. அதன் பிறகு பாட்டி இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார்! மொத்தம் 1,500-க்கும் மேற்பட்ட படங்கள்.

1939-ல் நியூயார்க் நவீன ஓவியக் கலைக்கூடத்தில் அவருடைய படங்கள் மூன்று வைக்கப்பட்டன. 1940-ம் ஆண்டு அக்டோபரில் அவருக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது. நடத்தியவர் ஆட்டோ காலிர். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்து, நியூயார்க்கில் ஓவியக் கடை வைத்தவர். "ஒரு விவசாயியின் மனைவி வரைந்தவை" என்பது கண்காட்சிக்கு அவர் வைத்த பெயர்.

பாட்டி அந்தக் கண்காட்சிக்குப் போகவில்லை. அந்தப் படங்களைத்தான் தாம் ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்று இருந்துவிட்டார்!

கருப்புத் தொப்பியும் லேஸ் கழுத்தும்

அடுத்த மாதம் நியூயார்க்கிலுள்ள ஜிம்பெல்ஸ் என்ற பெரிய கடையில் திருநாள் விழா. அங்கும் படங்களை வைத்தார்கள். வரைந்தவரை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தடவை பாட்டி போனார்.

அவர் எப்படிப் போனார் என்பதுதான் வேடிக்கை. தலையில் சின்னக் கருப்புத் தொப்பி. கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்த கவுன். ஊரில் நாலு பேர் கூடும் இடத்துக்கு எப்படிப் போவாரோ, அதே உடை. நாகரிகத்தின் தலைநகரத்துக்குப் போகிறோம், புதிதாக ஏதாவது தைத்துக்கொள்வோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

ஓவியக் கலையைப்பற்றிப் பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று கூட்டம் காத்திருந்தது. பாட்டி ஒலிபெருக்கியின் முன் நின்றார். பழத்தைக் கெடாமல் பாகில் போட்டு வைப்பது எப்படி, ஜாம் காய்ச்சுவது எப்படி என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கினார்! பத்திரிகைக்காரர்கள் சொக்கிப் போனார்கள். அன்று முதல் அவர் நாடறிந்த "மோசஸ் பாட்டி" ஆனார்.

மெலிந்த, குள்ளமான உருவம். வாரி முடிந்த நரை மயிர். குறும்பு நிறைந்த கண்கள். கழுத்தில் லேஸ் அல்லது கருப்பு நாடா. புகழ் வந்த பிறகும் இந்தக் கோலம் மாறவில்லை. பத்திரிகைகளில் வந்த அவர் போட்டோக்களைப் பார்த்தால், ஐம்பது வருஷத்துக்கு முந்திய பாஷன் என்று ஒரு இளம்பெண் சொல்லக்கூடும். ஆனால் அந்தக் கிழவிக்கு வேறு எதுவும் அத்தனை பாந்தமாக இருந்திராது.

1949-ம் ஆண்டு அவர் தலைநகர் வாஷிங்டனுக்குப் போனார். பெண் பத்திரிகையாளர் சங்கத்தின் பரிசை ஜனாதிபதி ட்ரூமன் கையால் பெற்றார். பிறகு ஜனாதிபதியோடு தேநீர் விருந்து. பேச்சுக்கிடையே, பியானோ வாசியுங்கள் என்று பாட்டி கேட்க, ஜனாதிபதி உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். பேரப் பிள்ளையை வாசிக்கச் சொல்வதுபோல் நாட்டின் தலைவரை வாசிக்கச் சொல்லிக் கேட்ட கிழவி இவர்.

வானத்தில் தொடங்கும் படம்

பாட்டி எப்படி வரைவார்?

தனியாகச் சித்திரக் கூடம் எதுவும் கிடையாது. ஒரு பழைய சுழல் நாற்காலி. உட்கார வசதியாக அதில் தலையணைகள். எதிரே அத்தை வழியில் வந்த ஒரு மேஜை. அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைத் தேடி எடுப்பார். பிறகுதான் அதற்கு அளவாகப் பலகையை அறுப்பார். மாடு வாங்குமுன் தொழுவம் கட்டுகிற மாதிரி. பலகையில் ஆளிவிதை எண்ணெய் தடவுவார். மேலே மூன்று தடவை வெள்ளைப் பூச்சு. அது காய்ந்த பிறகு படம்.

படத்தை உச்சியிலிருந்து தொடங்குவார். முதலில் வானம். பிறகு மலை, குன்று, மரம், வீடு. அதன் பிறகு ஆடு மாடுகள். கடைசியில் மனிதர்கள். குழைத்த வண்ணம் வீணாகக்கூடாது என்று மூன்று நான்கு பலகைகளை வரிசையாக வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் வானத்தைப் பூசுவாராம். சிக்கனம் அறிந்த குடும்பப் பெண்ணின் கை! சின்னஞ்சிறு மனிதர்களுக்குக் கண்ணும் வாயும் வைக்கத் தூரிகை பெரிதாக இருந்தால் தீக்குச்சியும் குண்டூசியும் எடுத்துக்கொள்வார்.

பனி வரைந்தால் அதன்மேல் ஜிகினாத் தூளைத் தூவிவிடுவார். இது ஓவிய முறைக்குப் பொருந்தாது என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். பாட்டி விடவில்லை. வெயில் படும்போது பனி மினுக்குகிறதா இல்லையா?

அவர் வரைந்தது எல்லாம் கண்ணால் கண்டவை, கையால் செய்தவை. துணி துவைக்கும் நாள். நிச்சயமான பெண்ணுக்காக ஊர்ப் பெண்கள் கூடி ஒட்டுப் போர்வை தைப்பது. கிராமத்துக் கல்யாணம். கிறிஸ்துமஸ் மரம் வெட்டிக் கொண்டுவருவது. ஆப்பிளைப் பெரிய அண்டாவில் போட்டு நாள் முழுவதும் கிளறுவது.

மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சும் காட்சியைப் பல தடவை வரைந்திருக்கிறார். நம் பக்கத்தில் பனையேறிகள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிறார்கள் அல்லவா? அதுபோல் அங்கே குளிர் காலத்தின் முடிவில் மேப்பிள் மரத்தில் துளை போட்டு வாளியில் நீர் பிடிப்பார்கள். பெரிய கொப்பரையில் காய்ச்சுவார்கள். கொதிக்கும் பாகை ஒரு கரண்டி எடுத்துப் பனிமேல் ஊற்றினால் மிட்டாய்போல் இறுகிவிடும். பிள்ளைகள் அதற்காகக் கொப்பரையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பாட்டியின் படத்திலும் அந்தப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். 1943-ல் அவர் வரைந்த அப்படி ஒரு படம் 2006-ம் ஆண்டு ஏலத்தில் 12 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. மூன்று டாலருக்கு விற்ற கைதான்!

ஒன்று கவனிக்க வேண்டும். அவர் படங்களில் டிராக்டர் கிடையாது. தந்திக் கம்பம் கிடையாது. அவர் வரைந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டும் வாசலுக்கே வந்துவிட்டன. பாட்டி அவற்றைத் தள்ளிவிட்டு, தமக்குப் பிரியமானவற்றை மட்டும் வைத்தார். அந்தப் படங்களில் பஞ்சமும் இல்லை, சாவும் இல்லை. ஐந்து குழந்தைகளைப் புதைத்த தாய், கணவனையும் மகளையும் பறிகொடுத்த பெண் வரைந்த படங்கள் அவை. துக்கத்தை அறியாமல் வரைந்தவை என்று யாரும் சொல்ல முடியாது.

பேரன் பேத்திகள் நடுவே

பணம் வந்தது. பாட்டி ஊரைவிட்டு நகரவில்லை. 1951-ம் ஆண்டு மகன்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே தாயாருக்கு வசதியாக ஒரு புது வீடு கட்டினார்கள். ஏறி இறங்கப் படிகள் இல்லாத வீடு. மகள் ஒருத்தி கூட வந்திருந்து பார்த்துக்கொண்டாள். பேரன் பேத்திகளும் கொள்ளுப் பேரக் குழந்தைகளும் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

பகலில் ஐந்து ஆறு மணி நேரம் படம் வரைவார். மாலையில் டெலிவிஷன் முன் உட்காருவார். துப்பாக்கியும் சண்டையுமாக வரும் குதிரை வீரர் படங்கள் என்றால் விரும்பிப் பார்ப்பார். கதைக்காக அல்ல. அதில் வரும் குதிரைகளுக்காக!

தாம் ஓவியர் ஆனதைப் பெரிய அதிசயமாக அவர் ஒருபோதும் பேசியதில்லை. படம் வரையாவிட்டால் கோழி வளர்த்திருப்பேன் என்பார்.

1960-ம் ஆண்டு அவருக்கு நூறு வயது நிறைந்தது. நியூயார்க் மாநில கவர்னர் அந்த நாளை "மோசஸ் பாட்டி நாள்" என்று அறிவித்தார். "லைப்" பத்திரிகை அட்டையில் அவர் படத்தைப் போட்டது. வாழ்த்துகள் வந்து குவிந்தன. பாட்டி எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டு, மறுபடி சுழல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நூறு வயதுக்குப் பிறகு மட்டும் 25 படங்கள் வரைந்தார். குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கவிதை நூல் ஒன்றுக்கும் படங்கள் போட்டுக் கொடுத்தார்.

ஒளித்து வைத்த ஸ்டெதஸ்கோப்

1961-ம் ஆண்டு கோடையில் பாட்டி தள்ளாடி விழுந்தார். ஹூசிக் பால்ஸில் உள்ள மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். மருந்துக் கடை ஜன்னலில் அவர் படங்கள் கிடந்த அதே ஊர்.

விடுதியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வரைய விடவில்லை. உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் டாக்டர் வந்து பரிசோதித்தார். போகும்போது பார்த்தால் ஸ்டெதஸ்கோப்பைக் காணவில்லை. எங்கெங்கோ தேடினார். பாட்டி ஒளித்து வைத்திருந்தார்! என்னை ஈகிள் பிரிட்ஜுக்கு அழைத்துப் போங்கள், உம்முடைய ஸ்டெதஸ்கோப் உமக்குக் கிடைக்கும் என்று பேரம் பேசினார். வயது 101 நடக்கும்போது!

அந்தப் பேரம் படியவில்லை. 1961-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி பாட்டி காலமானார். ஜனாதிபதி கென்னடி அனுதாபச் செய்தி வெளியிட்டார். கிறிஸ்துமஸ் நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1969-ல் அமெரிக்க அரசு அவருடைய படம் ஒன்றைத் தபால் தலையில் அச்சிட்டது.

விழுவதற்கு முன்பாக அவர் முடித்த கடைசிப் படத்துக்கு "வானவில்" என்று பெயர்.

பென்னிங்டன் என்ற ஊரில் உள்ள பொருட்காட்சி சாலையில் அவர் படங்கள் பல இருக்கின்றன. சிறு வயதில் அவர் படித்த பள்ளிக்கூடக் கட்டடத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து 1972-ல் அங்கே நிறுத்திவிட்டார்கள். அத்தை வழியில் வந்த மேஜையும் அங்கேதான் இருக்கிறது. பாட்டி படம் வரைய வைத்திருந்த மேஜை. அதையும் அவர் வெறும் மரமாக விட்டுவைக்கவில்லை. அதன்மேலும் ஊர்க் காட்சிகளைத் தீட்டியிருக்கிறார்.